இரும்பில்லாத துப்பாக்கி

எங்களை எதற்காகத் தேர்ந்தெடுத்தார்கள் என்பதைக் காண்டிராக்டர் மறைக்கவே இல்லை. பாலோ ஊரில் என் அண்ணி வீட்டு முன் மோட்டார் சைக்கிளை நிறுத்தி, எஞ்சினைக்கூட அணைக்காமல் சொன்னார்.

"ஆப்பிரிக்கா சனங்க மாதிரி தெரியணும்லா தங்கச்சி. அதான் நம்ம பொம்பளைங்கள கேக்குறாங்க. மத்தவங்கள நிப்பாட்டினா எடுபடாதாம்."

அண்ணி வாய்விட்டுச் சிரித்தார். "அலமாக்! இத்தன வருசமா பவுடர் பூசி மறைச்ச கருப்புக்கு இப்பத்தான் வேல கெடைச்சிருக்கு."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் கோபப்படலாமா கூடாதா என்று நான் முடிவெடுப்பதற்குள் அவர் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். என் கோபம் எப்போதும் அப்படித்தான். ஆள் போன பிறகுதான் வந்து சேரும்.

அண்ணி என்று நான் கூப்பிடுவது என் கணவரின் அக்காவை. எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனையின் நாற்றுப் பண்ணையில் வேலை செய்கிறவர். பாலோவில் யாருக்காவது கூலிக்குப் பத்துப் பெண்கள் வேண்டும் என்றால் முதலில் அவரிடம்தான் வருவார்கள். நானும் கணவரும் சிங்கப்பூர் எல்லைக்குப் பக்கத்தில் ஸ்கூடாயில் இருக்கிறோம். அவருக்குச் சிங்கப்பூரில் வேலை. அந்த மாதம் அவருடைய கம்பெனி அவரை அங்கேயே தங்கச் சொல்லிவிட்டதால், ஒரு வயதைத் தாண்டிய மகளுடன் வீட்டில் தனியாக இருக்கப் பயந்து நான் அண்ணி வீட்டுக்கு வந்திருந்தேன். மகள் பிறக்கும் வரை ஒரு தனியார் கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்தேன். அதனால் அண்ணிக்கு நான் எப்போதும் டீச்சரம்மா.

வேலை இதுதான். எங்கோ தூரத்தில் இருக்கும் ஒரு பணக்கார நாடு செலவை ஏற்றுக்கொள்கிறது. அதன் பணத்தில், ஆப்பிரிக்க நாடு ஒன்றின் சிப்பாய்கள் விமானம் ஏறி இங்கே வருகிறார்கள். தங்கள் பக்கத்து நாட்டுச் சண்டையில் அமைதி காக்கப் போவதற்கு முன்னால் அவர்களுக்குப் பயிற்சி. பாலோவுக்கு வெளியே ஒரு செம்பனைத் தோட்டத்தின் ஓரத்தைக் குத்தகைக்கு எடுத்து, பலகையும் தகரமும் வைத்து ஒரு பொய்க் கிராமத்தைக் கட்டியிருந்தார்கள். அந்தக் கிராமத்துக்கு ஜனங்கள் வேண்டும். உணவு மூட்டை வரும்போது முண்டியடிக்க, அழ, சிப்பாய்களைத் திட்ட, கயிற்றைத் தாண்டப் பார்க்க ஆட்கள் வேண்டும். அந்த ஜனங்கள்தான் நாங்கள்.

"உனக்கு இங்கிலீஷ் வரும், எனக்கு வாய் வரும்" என்றார் அண்ணி. "வெள்ளக்காரன் சொல்றத நீ எங்களுக்குச் சொல்லு, மிச்சத்த நாங்க பாத்துக்கிறோம்."

"பாப்பாவ என்ன பண்றது அண்ணி?"

"தூக்கிட்டு வா. கைப்புள்ளையோட ஒரு ஆளு இருந்தா ரொம்ப நல்லதுன்னு அவனே சொல்லிட்டுப் போயிருக்கான்."

மறுத்திருக்கலாம். நாத்தனார் வீட்டில் தங்கிச் சாப்பிட்டுக்கொண்டு, அவர் கேட்கும் முதல் உதவிக்கு முடியாது என்று சொல்லும் துணிச்சல் எனக்கு இல்லை. கணவரிடம் போனில் கேட்டேன். "உனக்கு இஷ்டம்னா போ, இல்லன்னா போகாத" என்றார். இது எனக்கு உதவுகிற பதில் இல்லை என்று அவருக்கு இன்னும் தெரியாது.

முதல் நாள் தலைமைப் பயிற்சியாளர், ஒரு வெள்ளைக்காரர், எங்கள் முன் நின்று பேசினார். சொந்த நாட்டு ராணுவத்திலிருந்து விலகி, இப்போது இந்தப் பயிற்சியை நடத்தும் கம்பெனியில் இருப்பவர். என் வயதுதான் இருக்கும். கழுத்தில் ஒரு விசில். நாங்கள் எங்கள் தாய்மொழியில் பேச வேண்டும், சிப்பாய்களுக்குப் புரியக்கூடாது, அங்கேயும் அப்படித்தான் இருக்கும் என்றார். கைப்பேசி, சாவி, கைப்பை எல்லாவற்றையும் வேனிலேயே வைத்துவிட வேண்டும், ஏழை கிராமத்தில் அதெல்லாம் இருக்காது என்றார். இருக்கும் என்று எனக்குத் தோன்றியது. அவரே சொல்கிறார் என்றால் காரணம் இருக்கும் என்றும் தோன்றியது. அப்படியே மொழிபெயர்த்தேன்.

தாய்மொழியில் பேசச் சொன்னது எங்கள் பெண்களுக்கு வசதியாகப் போயிற்று. மார்பில் அடித்துக்கொண்டு, கண்ணீர் வராத முகத்தைச் சுருக்கிக்கொண்டு, அவர்கள் கத்தியது எல்லாம் வேறு.

"ஐயோ, என் வீட்டுக்காரன் காத்தாடியக் கழட்டிப் போட்டுட்டு மாட்டவே மாட்டேங்கிறானே!"

"அடேய் காண்டிராக்டரு, டீ எப்படா வரும்? தொண்ட காஞ்சு போச்சுடா பாவி!"

"ஏன்டி, இந்தக் கடைசில நிக்கிறவன் என் கொழுந்தன் மாதிரியே இல்ல? அதே மூஞ்சி லா!"

சிப்பாய்கள் கயிற்றுக்கு அந்தப்புறம் இறுகிய முகத்துடன் நின்றார்கள். பயிற்சியாளர் கட்டைவிரலை உயர்த்தினார். "ரொம்ப உண்மையா இருக்கு" என்றார். அதையும் மொழிபெயர்த்தேன். அண்ணி கயிற்றைப் பிடித்துக்கொண்டு குலுங்கினார். அழுகிறார் என்று ஒருவர் படம் எடுத்தார்.

சிப்பாய்கள் வரிசையில் மூத்தவர் ஒரு சார்ஜன்ட். மீசையில் நரை. தேநீர் நேரத்தில் பயிற்சியாளர்கள் கூடாரத்துக்குள் மின்விசிறிக்கு அடியில் போய்விடுவார்கள். சிப்பாய்களும் நாங்களும் செம்பனை நிழலில். சார்ஜன்ட் தன் துப்பாக்கியை மடியில் குறுக்காக வைத்துக்கொண்டு என் மகளைப் பார்த்துச் சிரிப்பார். அவள் அவருடைய நீலத் தொப்பியைப் பறிக்கக் கை நீட்டுவாள். அவருடைய நாட்டில் பள்ளிக்கூட மொழி ஆங்கிலம் என்பதால் எங்களுக்குள் பேச்சு சுலபமாக இருந்தது. அவர் சொன்னதை எனக்குக் கேட்ட மாதிரி எழுதுகிறேன்.

"மேடம், தப்பா நெனைக்காதீங்க. இந்த மாதிரி கூட்டத்த நான் நெசமாவே பாத்திருக்கேன். இதுக்கு முன்னாடியும் போயிட்டு வந்தவன் நான். அங்க யாரும் இவ்ளோ சத்தம் போட மாட்டாங்க."

"ஏன்?"

"பசிச்சவங்களுக்குச் சத்தம் வராது. வரிசையில நின்னு நம்ம கையையே பாத்துக்கிட்டு இருப்பாங்க. அதுதான் தாங்க முடியாது."

"இவங்ககிட்ட சொல்லலாமே?"

"நான் கத்துக்க வந்தவன்" என்று சிரித்தார். பிறகு வரிசையில் உட்கார்ந்திருந்த இளைஞர்களைக் காட்டினார். "அவனுங்க என் பசங்க. பாதிப் பேர் ஊரத் தாண்டினதே இல்ல. இதுல நான் தேறினாத்தான் அவனுங்களோட போக முடியும். தேறலன்னா அவனுங்க மட்டும் போவானுங்க. கூட யாரோ ஒருத்தர் போவார்."

அந்த "யாரோ ஒருத்தர்" என்பதை அவர் சொன்ன விதம் எனக்குத் தெரியும். என் மகளை முதல்முறையாக ஒரு குழந்தைக் காப்பகத்தில் விட்டுப் பார்க்கலாமா என்று கணவர் கேட்டபோது நான் அதே குரலில்தான் "யாரோ ஒருத்தர்கிட்டயா?" என்று கேட்டேன்.

அடுத்த நாள் காலை மகளின் நெற்றி லேசாகச் சுட்ட மாதிரி இருந்தது. காய்ச்சல்மானியை வைத்தேன். பச்சை விளக்கு, காய்ச்சல் இல்லை. நம்பிக்கையில்லாமல் மறுபடி வைத்தேன். பச்சைதான். அண்ணி தொட்டுப் பார்த்து, "பல்லு மொளைக்குது, நீயே போட்டுக் கொழப்பிக்காத" என்றார். நான் போய் வேனில் ஏறினேன்.

வெயில் ஏறியபின் உணவு மூட்டைகள் வந்தன. மூட்டைகளில் அந்தப் பணக்கார நாட்டின் சின்னம் பெரிதாக அச்சடித்திருந்தது. உள்ளே மணல். நாங்கள் கயிற்றை நோக்கி நகர்ந்தோம். பெண்கள் கத்தத் தொடங்கினார்கள். நான் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு கயிற்றை ஒட்டி நின்றேன், கைப்பிள்ளைக்காரி முன்னால் நிற்க வேண்டும் என்று சொல்லியிருந்ததால்.

அவள் உடம்பு விறைத்தது. முதலில் அவள் முறுக்கிக்கொண்டு இறங்கப் பார்க்கிறாள் என்று நினைத்தேன். திரும்பிப் பார்த்தால் கண்ணின் கருவிழி மேலே போய் வெள்ளை மட்டும் தெரிந்தது. கை கால் வெட்டி வெட்டி இழுத்தன. உதடு நீலம் பாய்ந்தது.

நான் அலறினேன்.

எத்தனையோ வருடங்கள் படித்த ஆங்கிலத்தில் ஒரு சொல்கூட எனக்கு அப்போது வரவில்லை. "என் புள்ள! ஐயோ என் புள்ளயப் பாருங்க!" என்று தமிழில் கத்திக்கொண்டே இருந்தேன். பயிற்சியாளர் என்னைப் பார்த்தார். கட்டைவிரலை உயர்த்தினார்.

எத்தனை தடவை நினைத்தாலும் என்னால் தாண்ட முடியாத இடம் அதுதான். அவர் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. தாய்மொழியில் கத்துங்கள் என்று சொல்லிவிட்டு, உண்மையிலேயே ஏதாவது நடந்தால் நீங்கள் எப்படிச் சொல்வீர்கள் என்று அவருக்கு ஒருமுறைகூடக் கேட்கத் தோன்றவில்லை. சிப்பாய்களுக்கு நிறுத்தச் சைகை இருந்தது. பயிற்சியாளர்களுக்கு வாக்கி டாக்கி இருந்தது, விசில் இருந்தது. எங்களுக்கு ஒன்றுமே இல்லை. கிராமத்து ஜனங்களுக்கு உண்மையாக ஒன்று நடக்கும் என்று அந்த முழுத் திட்டத்திலும் யாருக்கும் தோன்றவில்லை.

சார்ஜன்ட் என் முகத்தைப் பார்க்கவில்லை, பிள்ளையின் முகத்தைப் பார்த்தார். கயிற்றைத் தூக்கிக் குனிந்து வந்தார். என் கையிலிருந்து அவளை வாங்கி, நிழலில் மண்டியிட்டு, தன் துண்டை விரித்து ஒருபக்கமாகச் சாய்த்துப் படுக்க வைத்தார். ஒரு கை அவள் தலைக்கு அடியில், இன்னொரு கை அவள் முதுகில். சட்டைப் பித்தானை அவிழ்க்க என்னை ஜாடை காட்டினார். "மூச்சு இருக்கு, மேடம். மூச்சு இருக்கு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

அப்போது என் பின்னால் அண்ணியின் குரல் கேட்டது. அது நடிப்புக் குரல் இல்லை.

"இரும்பு! யாராச்சும் இரும்பு குடுங்கடி!"

வலிப்பு வந்தால் கையில் இரும்பைக் கொடுக்க வேண்டும் என்பது எங்கள் பக்கம் யாரும் யோசித்துச் செய்வதில்லை. கை தானாகச் சாவிக்கொத்தைத் தேடும். தோட்டத்தில் என்றால் அரிவாள், செம்பனைக்குலை வெட்டும் உளியின் இரும்புக் காம்பு, எது கிடைக்கிறதோ அது. பெண்கள் எல்லோரும் இடுப்பையும் மடியையும் தடவினார்கள். சாவி எல்லாம் வேனில். ஏழை கிராமத்தில் சாவி இருக்காதே. அண்ணியின் கண் சார்ஜன்டின் தோளில் தொங்கிய துப்பாக்கியில் விழுந்தது. வாரை அவர் தலைக்கு மேலாகக் கழற்றி இழுத்தார். மண்டியிட்டு, என் மகளின் மூடிய விரல்களைப் பிரித்து, குழலை உள்ளங்கையில் வைத்து அழுத்தினார். "மாதாவே, மாதாவே" என்று உதடு அசைந்தது.

பிறகு குழலை ஒருமுறை விரலால் அழுத்திப் பார்த்தார்.

"அடிப்பாவி, இது ரப்பருடி!"

அப்போதுதான் விசில் ஊதியது. பயிற்சியாளர் ஓடி வந்தார். ஒரு நொடி எனக்கு உயிர் வந்தது. ஆனால் அவர் பிள்ளையைப் பார்த்து ஓடி வரவில்லை. அவர் கை நீட்டிக் காட்டியது அண்ணியை. "ஆயுதம்! ஆயுதம்!" என்று கத்தினார். கறுப்புச் சாயம் அடித்த அந்த ரப்பர் பொருளைக் கையில் பிடித்துக்கொண்டு அண்ணி விழித்துக்கொண்டு நின்றார்.

வலிப்பு அதற்குள் அடங்கியிருந்தது. கூடாரத்துக்குப் பக்கத்தில் ஒரு ஆம்புலன்ஸ் நின்றது, அதன் கதவிலும் அதே சின்னம். பயிற்சிக்கு வந்தவர்களுக்காக மட்டும் என்று ஓட்டுநர் தயங்கியபோது சார்ஜன்ட் எதுவும் பேசாமல் பின்கதவைத் திறந்து என்னை உள்ளே ஏற்றினார்.

பக்கத்து நகரமான குளுவாங்கின் மருத்துவமனையில் டாக்டர் என்னை உட்கார வைத்துப் பேசினார். காய்ச்சல் திடீரென்று ஏறும்போது இந்த வயதில் சில பிள்ளைகளுக்கு வரும் வலிப்பு. பார்க்கத்தான் பயங்கரம். பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. "யாரு சாய்ச்சுப் படுக்க வச்சது? சரியாச் செஞ்சிருக்காங்க" என்றார். பிறகு மகளின் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். கறுப்பாக ஒரு கோடு. "இது என்ன?"

துப்பாக்கிச் சாயம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. விளையாட்டுச் சாமான் என்று சொன்னேன்.

கணவர் விடுப்பு எடுத்துக்கொண்டு சிங்கப்பூரிலிருந்து வந்து சேர்ந்தார். என்னை எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சண்டையாவது போட்டிருப்பேன். மகள் தூங்கி எழுந்து, ஒன்றுமே நடக்காததுபோல் அவருடைய மூக்குக்கண்ணாடியைப் பிடுங்கினாள்.

மறுநாள் மகளை அண்ணி வீட்டுக்குக் கொண்டுவந்தோம். மதியம் காண்டிராக்டர் வந்தார். இந்தமுறை வண்டியை அணைத்துவிட்டு இறங்கினார். கையில் ஆரஞ்சுப் பழங்கள்.

"பாப்பா எப்படிம்மா இருக்கு? நல்லது, நல்லது. நாளைக்குக் கடைசி நாளு. அந்த நாட்டுலேருந்து பெரிய ஆளுங்க பாக்க வர்றாங்க. நீங்க எல்லாரும் வரணும். பாப்பா வேணாம்."

"அந்த சார்ஜன்ட்?" என்று கேட்டேன்.

அவர் ஆரஞ்சுப் பையை மேசையில் வைத்தார். "அவர அனுப்புறாங்க. பையெல்லாம் கட்டியாச்சு. ஆர்டர் இல்லாம லைன விட்டு வந்துட்டார். அதக்கூட மன்னிச்சிருப்பாங்களாம். ஆனா ஆயுதத்தப் பொது ஆள்கிட்ட பறிகொடுத்துட்டாரு. அதுக்கு மன்னிப்பே கெடையாதாம்."

"அண்ணே, நான்தானே புடுங்கினேன்!" என்றார் அண்ணி.

"அதான் தங்கச்சி தப்பு. ஒரு பொம்பள புடுங்குற மாதிரி ஒரு சிப்பாய் துப்பாக்கி வச்சிருக்கலாமா? விடுங்க. நாளைக்கு யாரும் எதையும் பேச வேணாம். நல்லபடியா முடியட்டும். அடுத்த வருசமும் வர்றாங்களாம், நம்மள மறக்க மாட்டாங்க."

அவர் போன பிறகு என் கோபம் வந்து சேர்ந்தது. வழக்கம்போலத் தாமதமாக. ஆனால் இந்தமுறை திரும்பிப் போகவில்லை.

அந்தப் பாடத்துக்கு அவர்கள் வைத்திருந்த பெயர் எனக்குத் தெரியும். முதல் நாள் நானே மொழிபெயர்த்தது. பொதுமக்களைப் பாதுகாத்தல். அந்தப் பெயரைத் துணியில் அச்சடித்து இரண்டு செம்பனைகளுக்கு நடுவே கட்டியிருந்தார்கள். அந்தத் துணிக்குக் கீழே, அத்தனை பேரில் பொதுமக்களில் ஒருத்தியைப் பாதுகாத்தது ஒரே ஒரு ஆள். தேறாமல் போனதும் அதே ஆள். ஆபத்தான இடத்துக்குத் தன் பிள்ளைகளை அனுப்ப விரும்பாத நாடு, அடுத்தவன் பிள்ளைகளை அனுப்புவதற்குச் செலவு செய்கிறது. அதைக்கூட என்னால் புரிந்துகொள்ள முடியும். பயிற்சி இல்லாமல் அனுப்புவதைவிடப் பயிற்சி கொடுத்து அனுப்புவது மேல் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ளவும் முடியும். ஆனால் எதைப் பார்த்தால் விசில் ஊத வேண்டும் என்பதைக்கூட அவர்களே தீர்மானிப்பார்கள் என்றால், அவர்கள் உண்மையில் எதைக் கற்றுக்கொடுக்கிறார்கள்?

இப்படியெல்லாம் யோசித்துவிட்டு, அடுத்த நிமிடம் தயங்கினேன். இது அண்ணியின் வேலை. நான் வாயைத் திறந்தால் இத்தனை பெண்களின் பிழைப்பில் மண் விழும். இன்னொன்றும் இருந்தது, அதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. துப்பாக்கியை அண்ணி ஏன் பிடுங்கினார் என்று விளக்க வேண்டுமானால் வலிப்பு, இரும்பு எல்லாவற்றையும் நான் ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். வெள்ளைக்காரர்கள் முன்னால் நின்று எங்கள் ஆட்கள் கையில் இரும்பு வைப்பார்கள் என்று சொல்ல வேண்டும்.

"சிரிப்பாங்க அண்ணி" என்றேன்.

"சிரிக்கட்டுமே" என்றார் அவர், ஆரஞ்சை உரித்துக்கொண்டே. "நம்மளக் கூட்டிட்டுப் போனதே வேடிக்க காட்டத்தானே? நெறத்தக் காட்டினோம், இதையும் காட்டிட்டுப் போறோம். உனக்கென்ன, நீ சும்மா சொல்லு. சிரிச்சான்னா நான் பாத்துக்கிறேன்."

மறுநாள் காலை மகளைக் கணவரிடம் விட்டுவிட்டுப் போனேன். காய்ச்சல் மருந்து, தண்ணீர், டாக்டர் நம்பர் எல்லாவற்றையும் வரிசையாக எடுத்துவைத்துவிட்டு, வேனில் ஏறியபின் இறங்கிப் போய் மறுபடி ஒருமுறை சொன்னேன். வேன் நின்றதும் பெண்கள் எல்லோரும் இறங்கிப் போய்ச் செம்பனை நிழலில் உட்கார்ந்தார்கள். ஒருவரும் கயிற்றுக்குப் பக்கத்தில் போகவில்லை. அண்ணி முந்தின நாள் மாலையே வீடு வீடாகப் போய்ப் பேசியிருந்தார் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

காண்டிராக்டர் முதலில் வந்தார். "என்ன தங்கச்சி, என் மானத்த வாங்குறீங்களே" என்றார். யாரும் எழவில்லை. பிறகு தலைமைப் பயிற்சியாளர் வந்தார், சலவை மடிப்புக் கலையாத சட்டையில். என்ன பிரச்சனை என்று என்னிடம் கேட்டார்.

இந்தமுறை ஆங்கிலம் வந்தது.

சார்ஜன்ட் துப்பாக்கியைப் பறிகொடுக்கவில்லை, என் அண்ணி எடுத்தார் என்றேன். எங்கள் வழக்கத்தில் வலிப்பு வந்தவர் கையில் இரும்பு வைப்போம். சாவியை வேனில் வைக்கச் சொன்னது நீங்கள். அங்கே இரும்பு மாதிரித் தெரிந்தது அது ஒன்றுதான்.

அவர் சிரிக்கவில்லை. அதற்காக அவரை மதிக்கிறேன். ஆனால், "புரிகிறது, இருந்தாலும் ஆயுதம் சிப்பாயின் பொறுப்பு" என்றார்.

அதை அண்ணிக்குச் சொன்னேன். அண்ணி எழுந்து நின்றார்.

"அவர்கிட்ட கேளு. அந்த மனுசன் ஒரு கைய புள்ள தலைக்குக் கீழ வச்சிருந்தான், ஒரு கைய முதுகுல வச்சிருந்தான். துப்பாக்கியப் புடிக்க மூணாவது கைக்கு எங்க போவான்? எந்தக் கைய எடுக்கணும்னு இவரே சொல்லட்டும்."

மொழிபெயர்த்தேன். வார்த்தைக்கு வார்த்தை. நான் அதோடு நிறுத்தியிருக்கலாம். என் வேலை மொழிபெயர்ப்பது. ஆனால் நிறுத்தவில்லை.

"நான் கத்தினபோது நீங்கள் கட்டைவிரலைக் காட்டினீர்கள்" என்றேன். "உங்கள் கழுத்தில் விசில் இருந்தது. எங்கள் யார் கழுத்திலும் இல்லை. என் மகள் உங்கள் முன்னால் நீலமாகிக்கொண்டிருந்தாள், நீங்கள் விசில் ஊதியது ரப்பருக்கு. அவர் தேறவில்லை என்றால், தேறியது யார் என்று எனக்குக் காட்டுங்கள்."

குரல் உடைந்துவிட்டது. புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டேன்.

அவர் தரையைப் பார்த்தார். நிகழ்ச்சி முடிந்தபின் இதைக் கவனிப்பதாகச் சொன்னார்.

"என்னவாம்?" என்றார் அண்ணி.

"அப்புறம் பாக்குறாராம்."

"சரி, அப்ப நாங்களும் அப்புறம்" என்று அண்ணி மறுபடி உட்கார்ந்தார். பக்கத்தில் இருந்தவள் வெற்றிலைப் பையை எடுத்தாள்.

தோட்டச் சாலையில் செம்மண் புழுதி எழுந்தது. விருந்தாளிகளின் வண்டிகள். பயிற்சியாளர் புழுதியைப் பார்த்தார், ஆள் இல்லாத கிராமத்தைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். வாக்கி டாக்கியில் ஏதோ பேசினார். சற்று நேரத்தில் சார்ஜன்ட் வந்தார். வெள்ளைச் சட்டை, சாதாரணக் கால்சட்டை. கையில் பெட்டி. பயிற்சியாளர் அவரிடம் தாழ்ந்த குரலில் பேசத் தொடங்கினார்.

"சத்தமாப் பேசச் சொல்லு" என்றார் அண்ணி.

சொன்னேன். பயிற்சியாளர் முகம் சிவந்தது. ஆனால் சத்தமாகப் பேசினார், சிப்பாய்கள் வரிசைக்கும் கேட்கும்படி. முடிவு மாற்றப்படுகிறது. சார்ஜன்ட் தேறிவிட்டார். தன் ஆட்களோடு போவார். வரிசையில் இருந்த ஓர் இளைஞன் கைதட்டத் தொடங்கி, சார்ஜன்ட் பார்த்த பார்வையில் நிறுத்தினான்.

மன்னிப்பு என்ற சொல் எந்தப் பக்கத்திலிருந்தும் வரவில்லை. என்னிடமும் யாரும் கேட்கவில்லை.

சார்ஜன்ட் சீருடை மாற்றிக்கொண்டு வரும் நேரத்தில் நான் பெண்களிடம் ஒன்று சொன்னேன். பசித்தவர்கள் எப்படி நிற்பார்கள் என்று அவர் அன்றைக்கு என்னிடம் சொன்னதை. யாரையும் எதுவும் செய்யச் சொல்லவில்லை. சொன்னேன், அவ்வளவுதான்.

விருந்தாளிகள் நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். மூட்டைகள் வந்தன. நாங்கள் கயிற்றுக்கு நடந்தோம். யாரும் கத்தவில்லை. அண்ணிகூட. எல்லோரும் கயிற்றை ஒட்டி நின்று, எதிரில் நின்ற சிப்பாயின் கையையே பார்த்தார்கள். பயிற்சியாளர் பக்கவாட்டிலிருந்து சத்தத்தைக் கூட்டுங்கள் என்று உள்ளங்கையை மேலே மேலே தூக்கினார். நாங்கள் அசையவில்லை. இளைஞர்கள் தடுமாறினார்கள். தள்ளுகிற கூட்டத்தைத் தடுக்கத்தான் அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். ஒருவன் பார்வையைத் தாழ்த்திக்கொண்டான். சார்ஜன்ட் அவன் பக்கத்தில் போய், தோளோடு தோளாக நின்று, அவன் காதில் ஏதோ சொன்னார். அவன் மறுபடி நிமிர்ந்து எதிரில் நின்ற பெண்ணின் முகத்தைப் பார்த்தான்.

நாற்காலிகளிலிருந்து ஓர் அம்மாள் எழுந்து கயிற்றருகே வந்தார். விருந்தாளிகளில் பெரியவர் போலிருந்தது. ஏன் யாரும் பேசவில்லை, இவர்கள் கூச்சப்படுகிறார்களா என்று என்னிடம் கேட்டார்.

என்னிடம் சொல்ல நிறைய இருந்தது. எதிலிருந்து தொடங்குவது என்று தயங்கினேன். அதற்குள் சார்ஜன்ட் பதில் சொல்லிவிட்டார். துப்பாக்கி வாரைக் கைமணிக்கட்டில் இறுகச் சுற்றியிருந்தார்.

"அங்க இப்படித்தான் மேடம் இருக்கும்" என்றார். "இப்பத்தான் சரியா இருக்கு."

அந்த அம்மாள் அவரைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், திரும்பிப் போய் உட்கார்ந்தார். என் முதுகில் ஒரு விரல் குத்தியது.

"டீச்சரம்மா" என்றார் அண்ணி, உதடு அசையாமல். "டீ எப்பன்னு கேளு."

அதையும் மொழிபெயர்த்தேன். எல்லோருக்கும் கேட்கும்படி.